தவளைக்காரனின் நோட்டு

பெஞ்சுக்கு மெழுகு பாலிஷ் போடப் பழைய பனியன் துணிதான் நல்லது. புதுத் துணி நூல் விடும். இந்தப் பல்கலைக்கழகச் சிற்றாலயத்தின் பெஞ்சுகளைப் பதினொரு வருடம் அப்படித் துடைத்துப் பார்த்துக்கொண்டவள் நான் என்பதை விசாரணைக் குழு முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

உட்காரத்தான் ஆள் இல்லை. பாதிரியார் எனக்கும் ஒரு தூங்குமூஞ்சி நூலகருக்கும் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். பிள்ளைகள் தேர்வு வாரத்தில் எட்டிப் பார்ப்பதோடு சரி. ஒரு நாள் பதிவாளர் அளவு நாடாவோடு வந்து, "இங்க எத்தனை டிரெட்மில் போடலாம்?" என்று கேட்டார். சிற்றாலயத்தை உடற்பயிற்சிக் கூடமாக்கும் யோசனையாம்.

அந்த வாரம் ஒரு பெண் மூக்குக் கண்ணாடியைப் பெஞ்சில் மறந்துவிட்டுப் போனாள். எடுத்து வைத்தேன். மறுநாள் வந்து கண்ணீரோடு முழங்காலிட்டாள். அவள் எழுந்தபோது கண்ணாடி பக்கத்திலேயே இருந்தது. அடுத்த ஞாயிறு விடுதித் தோழிகள் ஆறு பேரை இழுத்துக்கொண்டு வந்தாள். தேடிய மூலிகை காலில் சிக்கியது என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு கொஞ்சம் சுறுசுறுப்பானேன். நூலகத்திலும் உணவகத்திலும் பிள்ளைகள் சாமானை மேசையில் போட்டுவிட்டுக் கதையளக்கப் போய்விடுவார்கள். துடைப்பத்தோடு வருகிறவளை யார் பார்க்கிறார்கள்? சைக்கிள் சாவி, ஹால் டிக்கெட், ஒருவனுடைய காது கேட்கும் கருவி. எல்லாம் இங்கே வந்து ஜெபித்தவர்களுக்குத் திரும்பக் கிடைத்தன. சின்னப் பொருளுக்கு ஒரு ஜெபம், பெரியதற்கு மூன்று. ஆறே மாதத்தில் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டு பாடினார்கள். டிரெட்மில் பேச்சும் அடங்கியது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினேன் என்று உங்களில் ஒருவர் சொன்னார். கிள்ளாவிட்டால் அது பாட்டுக்கு வெளியே விளையாடிக்கொண்டிருக்கும், தொட்டில் பக்கமே வராது.

தவளைக்காரன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் ஆராய்ச்சி மாணவன். மூன்று வருடம் குளக்கரையில் குந்தியிருந்து, தவளைகளை எண்ணி ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். அது காணாமல் போனதும் இங்கே ஓடி வந்தான்.

"அதுல இருக்கறது வேற எங்கயும் இல்லக்கா. பதினஞ்சாம் தேதிக்குள்ள குடுக்கலன்னா என் இடம் போயிடும்."

"மனசு விட்டுக் கேளு தம்பி, கெடைக்கும்" என்றேன். நோட்டு அப்போது அவன் முழங்காலிலிருந்து நாலடி தள்ளி, பாடல் புத்தக அலமாரிக்குள் இருந்தது.

மூன்றாம் நாளே கொடுத்திருப்பேன். ஆனால் அவன் ஜெபிப்பது அவ்வளவு அழகு. வாய்விட்டு, விக்கி விக்கிக் கேட்பான். அவனுக்காகவே மற்ற பிள்ளைகள் கூட வந்து உட்கார்ந்தார்கள். சாயங்காலங்களில் பெஞ்சு போதவில்லை. அப்படிப்பட்டவனை ஒரு நோட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. பதினைந்தாம் தேதி மாலை எழுந்தவன், "இங்க கேக்கறதுக்கு யாரும் இல்லக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கே விடுதியைக் காலி செய்துவிட்டானாம். ஊரில் யாரோடும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவன் அம்மா உங்கள் முன்னால் அழுததை நானும் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது.

நோட்டை எடுத்தது நான்தான். ஒளித்ததும் நான்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அவன் படிப்பைக் கெடுத்தவள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். பதினாறாம் தேதி காலை முதல் வேலையாக நோட்டை அவன் முழங்காலிடும் பெஞ்சில் கொண்டுபோய் வைத்தேன். வைக்கும்போதுதானே பதிவாளர் என்னைப் பிடித்தார்? அவன் இன்னும் ஒரே ஒரு நாள் வந்து கேட்டிருக்கலாம். அந்த அளவுக்கு அவனுக்கு விசுவாசம் இல்லையென்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?