பாஸ்டனிலும் போச்சு

— உக்காரச் சொல்லாத, மேவ். வெர்மான்ட் வக்கீல் லைசென்ஸ்தானே, சண்டை போடாம விட்டுத் தள்ளுங்கன்னு சொன்னது யாரு?

— நான்தான், ப்ரூயிட் சார். உங்க வக்கீலாச்சே.

— இப்ப பாஸ்டன்லயும் பறிக்கப் போறாங்களாம். நான் பொழப்பு நடத்தற ஊரும்மா அது.

— பறிப்பாங்க. ஒரு மாநிலம் எடுத்தா அடுத்ததும் எடுக்கும். விதி அப்படி.

— கேளு, நானே நேர்ல போய்ச் சொல்றேன். அப்ப குடிச்சிக்கிட்டிருந்தேன், வேணும்னு பண்ணலன்னு. காது குடுத்துக் கேப்பாங்கல்ல?

— மாட்டாங்க. நீங்க தப்பு பண்ணீங்களான்னு அங்க மறுபடி விசாரணையே கிடையாது. இங்க நீங்க ஒத்துக்கிட்டதுதான் அங்கயும்.

— இது தெரிஞ்சேவா எல்லாத்தையும் ஒத்துக்கச் சொன்ன?

— தெரிஞ்சேதான்.

— உனக்கு நான் என்ன பண்ணேன்?

— எனக்கில்ல. ரெனே லவ்வாவுக்கு. உங்க மேல ஜெயில்லேர்ந்து புகார் குடுத்தானே, நீங்க வாதாடின அந்தத் தீ வைப்பு கேஸ் பையன். கடை எரிஞ்சப்ப அவன் தன் கூட மாவு பெசஞ்சிட்டிருந்தான்னு சொல்ல, பேக்கரிக்காரம்மா கோர்ட்டு வராந்தாவுல நாள் பூரா நின்னா. நீங்க அவளச் சாட்சிக்குக் கூப்பிடவே இல்ல. எதிர்த்த பார்ல இருந்தீங்க.

— அவன் உனக்கு யாரு?

— என் தம்பி. அம்மா ஒண்ணு, அப்பா வேற. அதான் பேரு வேற. அம்மா அவன வெளிய பாக்காமலே போய்ச் சேந்துட்டா.

— அடிப்பாவி. என் வக்கீலா உக்காந்துக்கிட்டே என் கழுத்த அறுத்திருக்க. நான் புகார் குடுத்தா இங்க உன் லைசென்ஸ் போகும். நியூ ஹாம்ப்ஷயர்ல உனக்கு இருக்கறதும் பின்னாலயே போகும்.

— குடுங்க. நான் மறுத்து ஒரு வார்த்த பேச மாட்டேன்.

— பைத்தியமா நீ? நானும் போனேன், நீயும் போவ. அவனுக்கு என்ன ஆச்சு இதனால? அவனோட அப்பீலெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு. உள்ளயே கெடந்து நரைப்பான்.

— சாட்சியக் கூப்பிடாதது உங்க தப்புதான்னு நீங்களே ஒத்துக்கிட்டதப் பாத்துட்டு, ஜட்ஜு போன வாரம் அவன் மேல இருந்த தீர்ப்பையே ரத்து பண்ணிட்டாரு சார். நீங்க உள்ள வரப்ப வாசல்ல பனிய வாரி வழி விட்டானே, அவன்தான் ரெனே.