ஓடக் கூடாத வாட்ச்

நர்ஸம்மா: ஏங்க… இன்னும் எவ்வளவு நேரம் அந்தப் பெட்டியக் காதுல வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க? காபி ஆறிப் போச்சு.

ரயில்காரர்: ஷ்… பேசாத.

நர்ஸம்மா: யாராவது பாத்தா, பெட்டி உங்ககிட்ட ரகசியம் பேசுதுன்னு நெனப்பாங்க.

ரயில்காரர்: பேசுது. அதான் தொல்லை.

நர்ஸம்மா: என்னவாம்?

ரயில்காரர்: ஓடுது… உள்ள வாட்ச் ஓடுது.

நர்ஸம்மா: வாட்ச்சுன்னா ஓடத்தான் செய்யும். நின்னாத்தானே கவலைப்படணும்.

ரயில்காரர்: இது ஓடக் கூடாதும்மா. எத்தனை தடவ சொல்லியிருக்கேன்… இதுக்குப் பேட்டரி கிடையாது. ஆளு கட்டி, கை ஆடினாத்தான் ஓடும். கழட்டி வெச்சா ரெண்டே நாள்ல நின்னுடும். பெட்டி வந்து மூணு வாரம் ஆச்சு. அதுவும் சீல் வெச்ச பெட்டி.

நர்ஸம்மா: லாரி கீரி போயிருக்கும். வீடு அதிர்ந்திருக்கும்.

ரயில்காரர்: மூணாவது மாடிக்கா?

நர்ஸம்மா: சுவத்துக்கு அந்தப் பக்கம் வாஷிங் மெஷின் இருக்கே. அது துணி பிழியறப்ப ஆடுற ஆட்டத்துல நானே ஓட ஆரம்பிச்சுடுவேன்.

ரயில்காரர்: விளையாடாத. மணி ஒன்பதே முக்கால். பத்து மணிக்கு உன் தம்பி வந்துடுவான், பெட்டிய வாங்கிட்டுப் போக.

நர்ஸம்மா: வரட்டுமே. நம்ம தம்பிதானே.

ரயில்காரர்: இன்னிக்கு அவன் உன் தம்பி இல்ல. எங்க வாட்ச் சேக்கறவங்க சங்கத்து ஆளு. சங்கத்துல அவனுக்குப் பூதக்கண்ணாடின்னு பேரு தெரியுமா… சீலத் தடவிப் பாப்பான். பெட்டியக் காதுல வெச்சுக் கேப்பான். அப்புறம்தான் வண்டியிலயே ஏத்துவான்.

நர்ஸம்மா: கேட்டு, ஓடுச்சுன்னா?

ரயில்காரர்: திறந்து கட்டிட்டாங்கன்னு அர்த்தம். பதினோரு மணிக்கு மண்டபத்துல எண்பது பேரும் ஒண்ணாத் திறக்கணும். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது. தொட்டவங்க வாட்ச்சுல பொறிச்சிருக்கிற தங்களோட எண்ணை விட்டுக் குடுத்துடணும். அதான் சட்டம்.

நர்ஸம்மா: இந்த மாதிரி ஒரு சட்டத்த எந்த மகராசன் போட்டான்?

ரயில்காரர்: … நான்தான். செயலாளர்.

நர்ஸம்மா: தெரிஞ்சுதான் கேட்டேன்.

ரயில்காரர்: அதுல ஒரு நியாயம் இருக்கும்மா. போன தடவ பாதிப் பேருக்கு முன்னாலயே கெடச்சு, கட்டிக்கிட்டு போட்டோ போட்டு ஆடினாங்க. மிச்சப் பேரு மாசக்கணக்கா வாயப் பாத்துக்கிட்டிருந்தாங்க. இந்தத் தடவ கடைசி எண் கணக்கு டீச்சருக்கு. எழுபத்தி நாலு வயசு. அவங்களுக்கு நேத்து சாயங்காலம்தான் வந்துச்சு. அந்தம்மாவுக்காகத்தான் மூணு வாரமா எல்லாரும் கையக் கட்டிக்கிட்டிருக்கோம்.

நர்ஸம்மா: கையத்தான் கட்டினீங்களா… சரி, சரி, மொறைக்காதீங்க. உங்க எண் என்ன?

ரயில்காரர்: தெரியாத மாதிரி கேக்கற பாரு. ஒண்ணு. எங்க சங்கத்துக்குன்னே செஞ்ச வாட்ச். ரெண்டு வருஷம் கம்பெனியோட மல்லுக்கட்டி, டயலுக்கு என்ன நிறம்னு எண்பது பேரையும் ஓட்டுப் போட வெச்சு… நான் பட்ட பாட்டுக்காக எல்லாரும் சேந்து எனக்குக் குடுத்த எண். என்கிட்ட இருந்த அஞ்சு வாட்ச்சையும் குடுத்துட்டு இந்த ஒண்ணை வாங்கினேன். இன்னிக்கு அத்தனை பேரு முன்னாடி அது போச்சுன்னா…

நர்ஸம்மா: போகாது. நீங்கதான் தொடவே இல்லையே.

ரயில்காரர்: அதானே… புதன்கிழமையோட நிறுத்திட்டேன். வெள்ளிக்கிழமையே அது நின்னிருக்கணும்.

நர்ஸம்மா: எதை நிறுத்தினீங்க?

ரயில்காரர்: ம்?

நர்ஸம்மா: புதன்கிழமையோட எதை நிறுத்தினீங்கன்னு கேட்டேன்.

ரயில்காரர்: … காபியில சக்கரைய.

நர்ஸம்மா: இந்த முகத்த வெச்சுக்கிட்டுப் பொய் சொல்லாதீங்க. காதெல்லாம் செவந்து போச்சு.

ரயில்காரர்: ஒரே ஒரு தடவைதாம்மா… கன்ட்ரோல் ரூமுக்குக் கட்டிக்கிட்டுப் போனேன்.

நர்ஸம்மா: ஒரே ஒரு தடவ.

ரயில்காரர்: ஒரு நாலு தடவ.

நர்ஸம்மா: ம்.

ரயில்காரர்: … ஒன்பது. வேலைக்குப் போன நாளெல்லாம். சட்டைக் கைக்குள்ள மறைச்சுக்கிட்டு. நம்பினா நம்பு, நான் கட்டியிருந்த நாள்ல ஒரு வண்டிகூடத் தாமதம் இல்ல.

நர்ஸம்மா: சீல எப்படி எடுத்தீங்க, திருட்டுச் செயலாளர்?

ரயில்காரர்: வென்னீர் ஆவியில காட்டினேன். வாழைப்பழத் தோல் மாதிரி வந்துச்சு.

நர்ஸம்மா: அதானே பாத்தேன்…

ரயில்காரர்: எதப் பாத்த?

நர்ஸம்மா: உங்க மூஞ்சிய. நீங்க மேல சொல்லுங்க.

ரயில்காரர்: என்னத்தச் சொல்றது. புதன்கிழமை வெச்சது, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, இன்னும் ஓடுது. நிக்கவே இல்ல. கம்பெனிக்காரன் அடக்கத்துல கம்மியாச் சொல்லிட்டான்போல. ரெண்டு நாள்னு சொன்னீங்க, நாலு நாளா ஓடுது, உங்க கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கணும்னு காலையில ஒரு கடிதமே எழுதி அனுப்பிட்டேன்.

நர்ஸம்மா: அடக் கடவுளே. அனுப்பியே விட்டீங்களா?

ரயில்காரர்: ஏன், பாராட்டறது தப்பா?

நர்ஸம்மா: ஆளே கட்டாம அந்தப் பறவை எப்படிங்க நாலு நாள் சுத்தும்…

ரயில்காரர்: பறவையா?

நர்ஸம்மா: காபி சூடு பண்ணிட்டு வரேன்.

ரயில்காரர்: உக்காரு. எந்தப் பறவை?

நர்ஸம்மா: பொதுவாச் சொன்னேன்.

ரயில்காரர்: வாட்ச்சோட பின்பக்கம் ஒரு ரகசியம் வெச்சிருக்கோம், கட்டுறவங்களுக்குத்தான் தெரியும்னு கம்பெனி சொல்லியிருந்தது. கண்ணாடிக்குள்ள ஒரு குட்டிப் பறவை. கை ஆடினா றெக்கைய விரிச்சுச் சுத்தும். நான் யார்கிட்டயும் வாயத் திறக்கல. உனக்கு எப்படித் தெரியும்?

நர்ஸம்மா: எங்க பிரசவ அறையில சுவர்க் கடிகாரம் நாலு நிமிஷம் பின்னாடி ஓடுதுங்க.

ரயில்காரர்: நான் கேட்டது பறவைய.

நர்ஸம்மா: அதுக்குத்தான் வரேன். மூணு தடவ எழுதிக் குடுத்தும் யாரும் மாத்தல. ஒரு குழந்தை பொறந்த நேரத்தத் தப்பா எழுதினா, அது ஆயுசுக்கும் தப்பு. அதனால… உங்களுக்கு வேலை இல்லாத நாள்ல, எனக்கு வேலை இருக்கிற நாள்ல…

ரயில்காரர்: வெள்ளிக்கிழமை கட்டினியா?

நர்ஸம்மா: வெள்ளி, சனி ரெண்டும். வெள்ளிக்கிழமை ஒரு பொண்ணு. நேத்து ரெட்டைக் குழந்தைங்க… மூத்தவன் ஒன்பது பன்னெண்டு, இளையவ ஒன்பது பதினாறு. சீலு ஒட்டறப்ப எல்லாம் நானும் ஆச்சரியப்பட்டேன், இவ்வளவு பெரிய கம்பெனி, இவ்வளவு மட்டமான பசையான்னு.

ரயில்காரர்: ஆக, வாட்ச்சுக்கு ஒரு நாள்கூட லீவு இல்ல. நான் ஒரு ஷிப்டு, நீ ஒரு ஷிப்டு.

நர்ஸம்மா: கோவமா?

ரயில்காரர்: … மொத்தம் எத்தனை குழந்தைங்க?

நர்ஸம்மா: பதினாலு.

ரயில்காரர்: பதினாலும் இதுல பாத்துத்தான் எழுதினியா? நொடியோட?

நர்ஸம்மா: நொடியோட.

ரயில்காரர்: பதினாலு… இவ்வளவு நாள் வாட்ச் சேத்து, நான் பாத்த நேரமெல்லாம் வண்டி போற நேரம்தான்.

நர்ஸம்மா: கண்ணத் தொடச்சுக்கோங்க. மணி பத்தாகப் போகுது. ஒரு வழி இருக்கு. முள்ளத் தப்பான நேரத்துக்குத் திருப்பி வெச்சுடலாம். கட்டியிருந்தா நேரம் சரியா இருக்குமே, இது தூக்கின ஆட்டத்துல தானா ஓடுதுன்னு சாதிச்சுடலாம்.

ரயில்காரர்: முப்பது வருஷமா ரயிலுக்கு நேரம் சொல்றவன்… நான் ஒரு வாட்ச்சத் தப்பா வைக்கறதா?

நர்ஸம்மா: குடுங்க, சீலப் பிரிச்சு நானே வைக்கறேன்.

ரயில்காரர்: ம், திருப்பு.

நர்ஸம்மா: கை வரலைங்க. பதினாலு பேரு இதுல பொறந்திருக்காங்க.

ரயில்காரர்: அப்ப மூடு. சீல ஒட்டு. அவன் வரட்டும், உண்மையச் சொல்லிடறேன். எண் போனா போகுது.

நர்ஸம்மா: போனா நானும் கூட நிக்கறேன்… பெல் அடிக்குது. இருங்க. வாடா, வா. என்னடா இந்த வெயில்ல முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் போட்டுக்கிட்டு?

தம்பி: விசேஷ நாள்க்கா. அத்தான், பெட்டியக் குடுங்க. சீல் பிரமாதமா இருக்கு. கிளம்பறேன்.

ரயில்காரர்: நில்லு மாப்ள. காதுல வெச்சுக் கேளு.

தம்பி: எதுக்கு அத்தான்… நேரமாச்சு.

ரயில்காரர்: சட்டம்னா சட்டம். கேளு.

தம்பி: … ஒண்ணும் கேக்கல. ஃபேன் சத்தம்தான்.

நர்ஸம்மா: ஃபேன் ஓடலடா.

ரயில்காரர்: மாப்ள, நான் திறந்தேன். ஒன்பது நாள் கட்டினேன்.

நர்ஸம்மா: நானும் கட்டினேன். அவருக்குத் தெரியாம.

ரயில்காரர்: எழுதிக்கோ. முதல் எண்ணை நான் விட்டுக் குடுக்கறேன்.

தம்பி: நீங்களுமா, அத்தான்?

ரயில்காரர்: நீங்களுமான்னா?

தம்பி: வண்டியில பதினோரு பெட்டி இருக்கு. வர்ற வழியில கண்ணாடிய ஏத்திட்டு, இன்ஜின நிறுத்திட்டுக் கேட்டேன்… பின் சீட்டுல வெட்டுக்கிளி குடும்பம் நடத்துற மாதிரி ஒரே சத்தம்.

நர்ஸம்மா: அத்தனையுமா?

தம்பி: ஒண்ணே ஒண்ணத் தவிர.

ரயில்காரர்: அப்ப நீ ஏன்டா யாரையும் பிடிக்கல? பூதக்கண்ணாடியாச்சே நீ… நேத்து சாயங்காலம்தான் வந்துச்சே, அந்த டீச்சரோட பெட்டியாவது சத்தம் இல்லாம இருந்துச்சா?

தம்பி: சத்தமே இல்ல அத்தான், பெட்டி காலி. கையில கட்டிக்கிட்டேதான் கதவத் திறந்தாங்க. நான் சட்டத்த எடுத்துச் சொல்ல ஆரம்பிச்சேன்… அந்தம்மா பேசாம என் சட்டைப் பொத்தானக் கழட்டி, கைய மடிச்சு விட்டு, என் மணிக்கட்டையும் அவங்க மணிக்கட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு, “விடை சரியா இருக்கு தம்பி, ரெண்டும் ஒரே நேரம்தான் காட்டுது”ன்னு சொல்லிட்டாங்க.