தொட்டியில் ஆறு ஓட்டை

இல்லீங்க தம்பி, எங்க வீட்டுக்காரரு இல்ல. ப்ரெஸ்ட்டுக்குப் போயிருக்காரு, அவங்க அண்ணன் வீட்டுக்கு. குழாய்ல மாட்டுற வளையம் வாங்கணுமாம். ரெண்டு வளையம், மூணு நாள். சாயங்காலம் வந்துடுவாரு. நீங்கதானே வெல்டிங் பண்றவரு? வேன்ல எழுதியிருக்கே. பத்து மணிக்கு வரச் சொன்னாருன்னா சொல்லியிருப்பாரு, நான் இல்லேங்கலையே. நீங்க வர்ற நாளாப் பாத்துத்தான் மனுஷன் கெளம்பியிருக்காரு. படகுல ஆளில்லன்னா நீங்க என்ன பண்ணுவீங்க, திரும்பிப் போயிடுவீங்க. அப்புறம் உங்களைப் புடிக்க இன்னும் ஒரு மாசம். அதான் கணக்கு.

இருங்க, போயிடாதீங்க. காப்பி இருக்கு. அந்தத் தொட்டி மேலயே உக்காருங்க, ஸ்டெயின்லெஸ் தகடு, தாங்கும்.

ஆமா, அதேதான். நீங்க ஒட்ட வந்த தண்ணித் தொட்டிதான். நானே கழட்டிக் கரை மேல ஏத்திட்டேன். எப்படின்னா, உக்கார்ற பலகையை அறுத்தேன், தரையை அறுத்தேன், வாசல் சட்டத்துல ரெண்டு விரக்கடை செதுக்கினேன். அப்புறம் பாய் ஏத்துற கயித்துல கட்டி ஒரே இழுப்பு. நேத்து சாயங்காலமே முடிஞ்சுது. ஆறு வருஷமா எங்க வீட்டுக்காரரு என்ன சொல்லிக்கிட்டு இருந்தாரு தெரியுமா? இந்தப் படகைக் கட்டும்போது தொட்டியை முதல்ல வெச்சுட்டு அப்புறம்தான் மேல் மூடி போட்டாங்க நோல்வென், படகை ரெண்டாப் பொளந்தாத்தான் தொட்டி வெளிய வரும், அப்படின்னு. ஊர்ல அத்தனை பேரும் தலையாட்டினாங்க. நானும்தான் ஆட்டினேன். ஒரு ரம்பம், ரெண்டு நாள். அவ்வளவுதான் விஷயம்.

படகு பேரைப் பாத்தீங்களா? மோர் வ்ராஸ். பெருங்கடல்! ஆறு வருஷமா இந்தத் துறைமுகச் செவுத்துல சாஞ்சுக்கிட்டு, கடல் தண்ணி வத்தினா சேத்துல உக்காந்து, தண்ணி வந்தா எந்திரிச்சு, திரும்ப உக்காந்து. கோழி கூட அடை முடிஞ்சா எந்திரிச்சுப் போயிடும்.

இல்லீங்க, கேலி இல்ல. சரி, கேலிதான். நீங்க இந்த ஊர்க்காரர் இல்லையே, அதனால உங்ககிட்ட சொல்லலாம். ஊர்க்காரங்களுக்கு இது திருவிழா. வருஷா வருஷம் ஆகஸ்ட் கடைசியில நாங்க பயணம் சொல்லி விருந்து வெப்போம். ஸ்பெயினுக்குப் போறோம், அங்கேர்ந்து அசோர் தீவுக்குப் போறோம்னு. எல்லாரும் சைடர் பாட்டிலோட வருவாங்க, கட்டிப்புடிச்சுப்பாங்க, ரெண்டு பேரு அழுவாங்க. மொத வருஷம் எனக்கு நல்ல கம்பளிச் சட்டை குடுத்தாங்க. ரெண்டாவது வருஷம் டார்ச் லைட்டு. மூணாவது வருஷம் மீன் டப்பா. அஞ்சாவது வருஷம் வெறுங்கையோட வந்து நல்லா சாப்ட்டுட்டுப் போனாங்க. போன மாசம் மீன்கடை மரி-பியர் கேக்குறா, ஏன்டி நோல்வென், உங்க பயண விருந்து எந்தச் சனிக்கிழமை, என் தங்கச்சி பாரீஸ்லேர்ந்து வர்றா, அவளும் பாக்கணுமாம்னு. எங்க போய் மூஞ்சியை வெச்சுக்கிறது சொல்லுங்க.

விருந்து முடிஞ்சு நாலாவது நாள், இல்லன்னா அஞ்சாவது நாள், காலையில அவரு தரைப்பலகையைத் தூக்குவாரு. அடியில தண்ணி நிக்கும். ஒரு விரலை விட்டு நாக்குல வெச்சுப் பாப்பாரு. அது எல்லாரும் பண்றதுதான், உப்புக் கரிச்சா கடல் உள்ள வருது, ஓடு. கரிக்கலன்னா தொட்டி ஒழுகுது, உக்காரு. ஆனா எங்க வீட்டுக்காரரு குல்வென் பண்றதைப் பாக்கணுமே! கண்ணை மூடிக்குவாரு. நாக்கைச் சுழட்டுவாரு. ஒயின் கடைக்காரன் தோத்தான். அப்புறம் ஒரு பெருமூச்சு. நல்ல தண்ணிதான் நோல்வென், தொட்டி மறுபடியும் ஒழுகுது, இந்த வருஷம் முடியாது. எவ்வளவு வருத்தம்னு நினைக்கிறீங்க அந்த மூஞ்சியில? நான்தான் தோளைத் தட்டி ஆறுதல் சொல்லணும்.

அதுக்கப்புறம் ஒரு ஓட்டையைத் தேடிக் கண்டுபுடிக்க அக்டோபர். சாயத் தண்ணி ஊத்துறது, சோப்பு நுரை தடவுறது, ஊதறது. அடைக்கிற பசை வரணும்னு டிசம்பர். குளிர்ல பசை காயாதுன்னு மார்ச். மே மாசம் பூசுவாரு. ஜூலையில தண்ணி ரொப்பி, ஒரு சொட்டு இல்லைன்னு என்னைக் கூப்புட்டுக் காட்டுவாரு. ஆகஸ்ட்ல விருந்து.

என்னது, ஏன் ஒழுகுதுன்னு சொன்னாரா? சொல்லாம? நான்தான் காரணம். மொத வருஷம், நான் குழாயை வேகமாத் தொறந்து ரொப்பினேனாம், தையல் விட்டுடுச்சாம். ரெண்டாவது வருஷம் நான் உள்ள குதிச்சு எறங்கினேனாம். மூணாவது வருஷம் படகுக்குள்ள முயல்னு சொல்லிட்டேனாம். சிரிக்காதீங்க, நீங்களும் கடலோரத்து ஆளுதானே, படகுக்கு ஆகாதுன்னு அந்த வார்த்தையைப் படகுல சொல்ல மாட்டீங்கதானே. நானும் சொல்லலை. அடுப்புல கறி வெச்சுக்கிட்டு நீளக்காதுன்னுதான் சொன்னேன். அதுக்கே குத்தம். இப்ப சொல்றேன் பாருங்க. முயல், முயல், முயல். போதுமா?

அத்தனைக்கும் மன்னிப்புக் கேட்டேன் தம்பி. குழாயை நூல் மாதிரித் தொறந்து விட்டுட்டு, இந்தச் செவுத்து மேல ரெண்டு மணி நேரம் மழையில நிப்பேன். படகுக்குள்ள பூனை மாதிரி நடப்பேன். ஐயோ, நம்மளாலதான் இந்த மனுஷனோட கனவு கெட்டுப்போவுதுன்னு ராத்திரி முழிச்சுக்கிட்டுக் கெடந்திருக்கேன்.

இந்த வருஷம் ஆறாவது. நான்தான் பிடிவாதமா வெல்டிங் ஆளைக் கூப்பிடுன்னு நின்னேன். சரின்னாரு. நீங்க போன்ல ஒரு வாரத்துல வரேன்னு சொன்னீங்களா இல்லையா? சொன்னீங்கல்ல? என்கிட்ட, அந்த ஆளு மூணு வாரம் கழிச்சுத்தான் வருவாராம்னு சொன்னாரு. இந்த மாசம் இருபதுக்குள்ள பிஸ்கே வளைகுடாவைத் தாண்டலைன்னா அப்புறம் காத்து தாண்ட விடாது, அடுத்த வருஷம்தான். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது.

அதனால அவரு ப்ரெஸ்ட்டுக்கு பஸ் ஏறினதும் நான் சும்மா இருப்பானேன், வெல்டிங்காரருக்கு ஓட்டையைக் குறிச்சாவது வெப்போம்னு தொட்டி மூடியைக் கழட்டி உள்ள கையை விட்டேன். எந்திரிங்க ஒரு நிமிஷம். இந்த வாய் வழியா கையை விடுங்க. முழங்கை வரைக்கும். இடது பக்கத் தகடைத் தடவுங்க. மெதுவா, மெதுவா. குத்துதா?

குத்துதுல்ல? எனக்கும் குத்துச்சு. நான் பல் டாக்டர்கிட்ட முப்பத்தோரு வருஷம் வேலை பாத்தவ. துளை போடுற கருவியை எடுத்து டாக்டர் கையில குடுக்குறதுதான் என் வேலை. சொத்தை விழுந்த ஓட்டைக்கும் துளைச்ச ஓட்டைக்கும் வித்தியாசம் எனக்குச் சொல்லித் தரணுமா? அரிச்ச ஓட்டைன்னா ஓரம் மழுங்கிக் கெடக்கும், சுத்தி பழுப்பா இருக்கும். இது வட்டமா, சுத்தமா, உள்பக்கம் தகடு பிதுங்கிக்கிட்டு நிக்குது. வெளியேர்ந்து உள்ள குத்தினது. அப்புறம் மத்த அஞ்சையும் தடவினேன். அவரு பசை பூசினதெல்லாம் வெளிப்பக்கம்தானே, உள்ள அப்படியே இருக்கு. ஆறும் ஒரே அளவு. ஆறும் ஒரே வரிசை. அந்த வரிசைக்கு நேரா என்ன இருக்குன்னா, அவரு மழைக்கோட்டு மாட்டுற அலமாரி. அலமாரி மூலையில உக்காந்து கையை நீட்டினா எட்டுற தூரம். துருவுக்குக் கையோட நீளம் எப்படித் தெரியும், சொல்லுங்க. அவரு கருவிப் பெட்டியில மூணு மில்லிமீட்டர் துளைக் கம்பி ஒண்ணு இருக்கு. விட்டுப் பாத்தேன். மோதிரம் மாதிரி கச்சிதமா உக்காருது.

ஆமா, அவரேதான். வேற யாரு, கடல் தேவதையா வந்து துளைச்சுது?

நீங்க ஏன் மூஞ்சி செவக்குறீங்க? உங்களுக்கென்ன. காப்பி ஆறிடும், குடிங்க.

பயம் தம்பி. வேற ஒண்ணுமில்ல. ஏழு வருஷம் முன்னாடி உவெஸ்ஸான் தீவைச் சுத்தி ஒரு தரம் போனோம், பழகிக்கலாம்னு. காத்து கிளம்பிடுச்சு. மனுஷன் கீழ போய்ப் படுத்துக்கிட்டு, பம்ப்பைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. பதினாலு மணி நேரம் நான்தான் சுக்கானைப் புடிச்சேன். எங்கப்பா சிப்பிப் படகுக்காரரு, எனக்கு இதெல்லாம் பழக்கம். கரைக்கு வந்ததும் அதைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசலை. அவங்க அண்ணன்கிட்டக் கூட சொல்லலை. சத்தியமா. பயப்படுறது தப்பா? எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு.

பயமா இருக்கு நோல்வென்னு ஒரு தரம் சொல்லியிருக்கலாம். நான் என்ன கொன்னா போட்டிருப்பேன்? பஸ்ஸுல போயிருப்பேன் அவரோட, ஸ்பெயினுக்கு. கொருன்யாவுல ஒரு ரூம் எடுத்து, சன்னல் வழியா கடலைப் பாத்துட்டு வந்திருப்பேன். சந்தோஷமா வந்திருப்பேன். அதைச் சொல்லாம, குனிஞ்சு தொட்டியைத் துளைச்சுட்டு, நிமிந்து என் மேல பழி போட்டாரு பாருங்க. ஆறு வருஷம். அதான் எனக்கு ஆறலை. ஐம்பத்து மூணுல ஆரம்பிச்சேன், இப்ப ஐம்பத்தொம்பது.

இல்ல, நீங்க ஒட்ட வேணாம். வீணா வரவெச்சதுக்கு மன்னிச்சுக்குங்க. தொட்டியை அங்கயே விட்டுருங்க, அது அவரோடது. படகு என் பேர்ல இருக்கு.

தண்ணிக்கா? அதுக்கு இருக்கே. எட்டிப் பாருங்க, அந்தத் தரையில நீலமா தெரியுதுல்ல, நாலு பை. தடிச்ச ரப்பர். ரொப்பினா ஊதிக்கும், காலியானா மடிச்சு வெச்சுக்கலாம். தபால்ல வருது தம்பி! முந்தா நேத்து தொட்டிக்குள்ள கையை விட்டேன், அன்னிக்கே மரி-பியர் கடையிலேர்ந்து போன் போட்டேன், நேத்து மதியம் வந்துடுச்சு. அரை மணி நேரத்துல குழாயோட மாட்டிட்டேன். ஆறு வருஷத்து வேலை, அரை மணி நேரம். வளையம் கூடப் பெட்டிக்குள்ளயே இருந்துச்சு, ப்ரெஸ்ட்டுக்குப் போக வேண்டியதில்ல. காலையில குழாயை நல்லா வேகமாத் தொறந்து விட்டு ரொப்பினேன். ஒரு சொட்டு ஒழுகலை.

அட, பேசிக்கிட்டே இருந்ததுல கவனிக்கலையே, படகு எந்திரிச்சுடுச்சு பாருங்க. ஆடுது. வடகிழக்குக் காத்து, இன்னும் நாலு நாளைக்கு இப்படியேதானாம். அந்தக் காப்பி டம்ளரை இங்க குடுங்க. இஞ்சின் சத்தத்துல கேக்கலைன்னா சொல்லுங்க.

என்ன? எவ்வளவு புடிக்கும்னா? தொட்டியில எவ்வளவோ அவ்வளவுதான், நாலு பையும் சேத்து இருநூறு லிட்டர். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு லிட்டர் வெச்சுக்கிட்டா... ஆமா, ரெண்டு பேருக்கு இருபது நாள். நல்லாத்தான் கணக்குப் போடுறீங்க. ஒருத்திக்கு நாப்பது. கரையில கட்டியிருக்குற அந்த முன் கயித்தை அவுத்து இப்படிப் போடுங்க தம்பி.