வாயசைத்தால் போதும்

"பெரிய பாடகர்கள் மேடையில் வாயைத்தான் அசைக்கிறார்கள். இதுகூடத் தெரியாமலா பி.ஏ. படிக்கிறாய்?" என்று கல்லூரியில் ஒருத்தி கேட்டாள். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். அந்தக் கேள்வி சுட்டது.

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகும் பேருந்தில், முன் இருக்கையில் இருந்த ஒரு தம்பதியிடம் அதே பேச்சு ஓடியது. கணவர் மைக் செட் போடுகிறவர். மனைவிக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து குரல் கரகரத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய கிறிஸ்தவ சபையின் ஆண்டு விழாவில் அந்த அம்மா பாட வேண்டும்.

"எட்டி, உனக்க பழைய ரிக்கார்டைப் போடுதேன். நீ வாய மட்டும் அசைச்சா போதும். கானமேளைக் கச்சேரிக்கு வாற ஸ்டாருமாரு எல்லாம் அப்பிடித்தான். பட்டனை அமுக்குதது நானாக்கும்."

"அவங்க இருமுனா ஆருக்குத் தெரியும்? எனக்க இருமல் சபையில எல்லாருக்கும் தெரியும். தெளிஞ்ச குரல் வந்தா ரிக்கார்டுன்னு பிடிச்சிருவாவ."

"பாதியில சத்தம் போச்சுன்னா?"

"மிச்சத்த சபை பாடட்டு. நான் மூச்சு எடுத்துட்டு வாறேன்."

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உனக்கு ஒரு சங்கடம் வரப்பிடாதுன்னு சொன்னேன்."

"அது எனக்குத் தெரியாதா? பாஸ்டருக்குக் காலையிலேயே போன்ல விளிச்சு, நான்தான் பாடுதேன்னு சொல்லியாச்சு."