உருவாக்கியவர்

— முதல்ல அந்தப் பிரிண்டரை நிறுத்துடா. நிறுத்திட்டு இந்த ஸ்கிரீனைப் பாரு. 'உருவாக்கியவர்'னு போட்டிருக்கே, அதுக்குக் கீழ யார் பேரு இருக்கு? வாசி.

— டெஸ்க்டாப் அண்ணே, உக்காருங்க முதல்ல. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்து ஒம்பது நாள்தான் ஆகுது. பஸ் ஏறி, மாடிப்படி ஏறி என் கடைக்கு வந்து நிக்குறீங்க. அண்ணிக்குத் தெரியுமா?

— வாசிடா.

— என் பேருதான்.

— சத்தமா.

— என் பேருதான் அண்ணே. கஸ்டமர் நிக்கிறாங்க. அம்மா, உங்க ஜெராக்ஸ் ஆயிடுச்சு, எடுத்துக்குங்க. பின் அடிச்சே வச்சிருக்கேன், பாத்துப் போங்க. சரி, இப்ப யாரும் இல்ல. திட்டணும்னா திட்டுங்க.

— திட்ட வரலடா. கேக்க வந்தேன். எட்டு வருஷமா அந்த இடத்துல என் பேரு இருந்துச்சு. நாப்பதாயிரம் பேரு கம்ப்யூட்டர்ல. நேத்து அணைச்சப்போ எந்த ஃபைல் எந்த மூலையில திறந்து கிடந்துச்சோ, காலையில போட்டதும் அதே மூலையில, அதே வரியில வந்து நிக்கணும். அந்த ஒரே விஷயத்துக்காக எட்டு வருஷம் ப்ரோகிராம் எழுதினேன். 'விட்ட இடம்'னு அதுக்குப் பேர் வச்ச அன்னைக்கு நீ என் பக்கத்துல நின்னு டீ குடிச்சிட்டு இருந்த.

— இல்லேங்கலையே அண்ணே. கடைக்கு ரிப்பேருக்கு வர்ற ஒவ்வொரு மெஷின்லயும் நான்தானே அதைப் போட்டுக் குடுக்குறேன்.

— பாஸ்வேர்டு யார்கிட்ட குடுத்தேன்?

— என்கிட்ட.

— எப்ப?

— ஆம்புலன்ஸ்ல ஏத்துறப்போ.

— நெஞ்சுல யாரோ கிரைண்டர் கல்லை ஏத்தி வச்ச மாதிரி இருக்கு. கண்ணு சொருகுது. அந்த நேரத்துல பொண்டாட்டிகிட்டகூட ஒரு வார்த்தை பேசல. உன் சட்டையைப் பிடிச்சு இழுத்து, காதுல பாஸ்வேர்டு சொன்னேன். பதினாலு எழுத்து. யாராவது உதவி கேட்டு எழுதினா என் சார்பா பதில் போடுன்னேன். நீ என்ன பண்ணின? வீட்டுப் பத்திரத்தை மாத்துற மாதிரி பேரை மாத்திட்ட.

— சரி, நான்தான் பண்ணினேன்னு வச்சுக்குங்க.

— வச்சுக்கவா? லாஜிக் சொல்லுடா. ஏன் பண்ணின?

— லாஜிக் எல்லாம் இல்ல அண்ணே. ஆசை. பேராசைன்னே வச்சுக்குங்க.

— உனக்கா? அடுத்தவன் பேனாவை மறந்து பாக்கெட்ல போட்டுட்டுப் போயி, கொட்டுற மழையில திரும்பக் கொண்டுவந்து குடுத்த ஆளுடா நீ. லாஜிக் உதைக்குதே.

— மனுஷன் மாறுவான் அண்ணே. நான் ஒண்ணு கேக்கட்டுமா? யாருமே திறக்காத பக்கம் அது. எட்டு வருஷத்துல நீங்களே ரெண்டு தடவை பாத்திருந்தா அதிசயம். இப்ப ஏன் திடீர்னு போய்ப் பாத்தீங்க?

— பாத்தேன். அவ்வளவுதான்.

— பேரு வேணாம், புகழ் வேணாம், பிடிச்சவங்க எடுத்துக்கட்டும்னு ஊருக்கே அள்ளிக் குடுத்தவரு நீங்க. பத்திரிகைக்காரங்க வந்தப்போகூட என்னைப் பேசச் சொல்லிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டீங்க. இப்ப ஒரு வரிக்கு ஏன் இந்தத் துடிப்பு?

— பேச்சை மாத்தாத. செவ்வாய்க்கிழமை, காலையில பதினொண்ணு இருபது. பேரை மாத்தின நேரம் ஃபைல்லயே பதிஞ்சிருக்கு. அதுவும் வேற எங்கிருந்தோ இல்ல. என் வீட்டுல, என் மெஷின்ல, என் நாற்காலியில உக்காந்து மாத்தினது.

— சரி.

— அந்த நேரத்துல நீ எங்க இருந்த?

— ஞாபகம் இல்ல அண்ணே.

— எனக்கு இருக்கு. மூக்குல குழாயோட நான் கட்டில்ல கெடக்குறேன். நீ பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சிட்டு இருந்த.

— அன்னைக்குத்தானே உங்க தலைமாட்டுல இருந்த மானிட்டரைப் பாத்துட்டு, ரெசல்யூஷன் சரியில்லன்னு நர்ஸ்கிட்ட சண்டை போட்டீங்க. அவங்களுக்குச் சிரிப்பு அடக்க முடியல.

— சிரிச்சு மழுப்பாத. அப்புறம் உனக்கு ஒரு போன் வந்துச்சு. வராண்டாவுக்குப் போன. கதவைச் சாத்தல. 'ரைட் கிளிக், ரைட் கிளிக், வலது கைப் பக்கம் இருக்குற பட்டன்'னு இருபது நிமிஷம் தொண்டை கிழியக் கத்திட்டு இருந்த. யாரோ புது கஸ்டமர், பாவம்னு நினைச்சேன்.

— அண்ணே, விடுங்க.

— வீட்டுக்கு வந்து பாக்குறேன், நாற்காலி அடிமட்டத்துக்கு இறங்கிக் கெடக்கு. நான் ஆறடி. நீ எனக்கு மேல நாலு விரல். என் மக அந்த நேரத்துல ஸ்கூல்ல இருந்திருப்பா. அவ்வளவு கீழ இறக்கிப் போட்டு உக்கார்ற ஆளு எங்க வீட்டுல வேற யாருடா?

— நான்தான்னு ஒத்துக்கிட்டேனே அண்ணே. அதோட விட்டுருங்க. அதுக்கு மேல தோண்டாதீங்க.

— நீ இல்லடா. அதான் வலிக்குது. நீயா இருந்திருந்தா ஒரு அறை விட்டுட்டு வீட்டுக்குப் போயி தூங்கியிருப்பேன். நீ வராண்டாவுல நின்னு வழி சொல்லியிருக்க. வலது பட்டன் எதுன்னு தெரியாதவ கையாலேயே என் பேரை அழிக்க வச்சிருக்க. வேலியும் பயிரும் சேர்ந்து பேசிக்கிட்டு என்னைப் பட்டினி போட்டிருக்கீங்க.

— தம்பியை விடுங்க. எதுவா இருந்தாலும் என்னைக் கேளுங்க.

— வா. மூக்குல வேர்த்துடுச்சா, வந்துட்ட.

— அண்ணி, சாமி சத்தியமா நான் ஒரு வார்த்தை சொல்லல.

— தெரியும் தம்பி, நீ சொல்ல மாட்ட. என்னங்க, சாப்பாட்டுக்கு அப்புறம் போடுற மாத்திரையை மேசையிலேயே வச்சுட்டு வந்துட்டீங்க. முதல்ல இதை முழுங்குங்க.

— வேணாம்.

— கோவத்தை என் மேல காட்டுங்க, மாத்திரை மேல காட்டாதீங்க. தம்பி, கொஞ்சம் தண்ணி குடு. ம், முழுங்கியாச்சா? இப்ப சொல்லுங்க. ரைட் கிளிக் தெரியாதவ. அப்புறம்?

— உனக்குச் சிரிப்பா இருக்கா?

— இல்ல. கிளட்ச் எது, பிரேக் எதுன்னு தெரியாம ஸ்டியரிங்கைப் பிடிச்சு அழுவுறவங்களை, மூணே வாரத்துல நாலு வழிச் சாலையில ஓட்ட வைக்கிறவ நான். அதுதான் என் பொழப்பு. ரெண்டு பட்டன் கத்துக்க எனக்கு ஒரு காலைப்பொழுது பத்தாதா? நானேதான் உக்காந்தேன். நானேதான் உங்க பேரை ஒவ்வொரு எழுத்தா அழிச்சேன். தம்பி பேரை எழுத்துக் கூட்டி நானேதான் அடிச்சேன்.

— ஏன்?

— அண்ணே, நான் சொல்றேன். அண்ணி அன்னைக்கு அழுத அழுகை உங்களுக்குத் தெரியாது. 'உங்க அண்ணன் பேரு அதுல இருக்குற வரைக்கும் யாராவது ஏதாவது கேட்டுட்டே இருப்பாங்க, அவரும் எந்திரிச்சுப் போயி அதே நாற்காலியில உக்காருவாரு, அடுத்த தடவை ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் உசுரு தாங்காது'ன்னாங்க. மூணு மாசம் கம்ப்யூட்டர் பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டரும் சொன்னாரு. கொஞ்ச நாளைக்கு என் பேர்ல கிடக்கட்டும், உடம்பு தேறினதும் திருப்பிக் குடுத்துரலாம்னுதான் சரின்னேன்.

— அப்ப இது அக்கறை.

— அக்கறைதான் அண்ணே.

— கட்டில்ல கெடக்குறவன் விரல்ல இருந்து மோதிரத்தைக் கழட்டுறதுக்கு எந்த ஊர்லடா அக்கறைன்னு பேரு? முழிச்சுட்டுத்தானே இருந்தேன், என்கிட்ட கேட்டிருக்கலாமே.

— உங்ககிட்ட எப்ப கேக்குறது? பதினேழு வருஷமா நான் பேசறதுக்கெல்லாம் ஸ்கிரீனைப் பாத்துத்தானே 'ம்' கொட்டுறீங்க. 'என் போட்டோவை வால்பேப்பரா வைங்கப்பா'ன்னு மக கேட்டா. ஐகான் தெரியாதும்மான்னீங்க. ரெண்டு ஸ்கிரீன் முழுக்க வெறும் சாம்பல் கலரு. அதுதான் உங்க கண்ணுக்கு அழகு.

— நான் குடிச்சேனா? சீட்டாடினேனா? ஊர் மேய்ஞ்சேனா? சாயங்காலம் வீட்டுக்கு வந்தா என் மேசை, என் நாற்காலி. எனக்குன்னு இருந்தது அந்த ஒண்ணுதான். ஆபீஸ்ல நான் யாரு? மவுஸ் நகரலன்னா கூப்பிடுற ஆளு. சரி பண்ணிட்டா என் மூஞ்சிகூட அவங்களுக்கு ஞாபகம் இருக்காது. ஆனா காலையில நாப்பதாயிரம் பேரு கம்ப்யூட்டரைப் போட்டதும், அப்பாடா, எல்லாம் இருந்த இடத்துல இருக்குன்னு ஒரு நொடி நிம்மதியா மூச்சு விடுறாங்களே, அது என்னால. அதுக்குச் சாட்சியா இருந்தது ஒரே ஒரு வரி. அதை நம்பினவங்க ரெண்டு பேரும் சேர்ந்து அழிச்சிருக்கீங்க. கூடவே இருந்து குழி பறிக்கிறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். இப்பதான் அந்தக் குழிக்குள்ள நின்னு பாக்குறேன்.

— அண்ணே, இப்பவே திருப்பி மாத்திடறேன். அஞ்சு நிமிஷ வேலை. இதோ, உங்க கண்ணு முன்னாடியே.

— மாத்தாத தம்பி.

— அண்ணி, அவரு கண்ணு கலங்குது பாருங்க. இந்த உடம்போட வேணாம். பேருதானே, போட்டுக் குடுத்துடலாம்.

— கையை எடுன்னு சொல்றேன்ல.

— பாத்துக்கடா. உடம்புக்காகன்னு சொன்னியே. இது உடம்புக்காக இல்ல. பழி.

— தம்பி, உன்கிட்டயும் நான் முழுசாச் சொல்லல. நான் அழுதது நிஜம். உடம்புக்காகன்னு சொன்னது பாதிதான். உன்னை இதுல இழுத்து விட்டதுக்கு என்னை நீ என்ன வேணா சொல்லு.

— மீதிப் பாதி என்ன அண்ணி?

— என்னங்க, அந்தப் பக்கத்தைப் போய்ப் பாருங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னது?

— யாரும் சொல்லல.

— மெயில் வந்துச்சா? 'இவ்வளவு நாளா உங்களோட பேசிட்டு இருந்தோம், இப்ப உருவாக்கினது வேற ஆளுன்னு போட்டிருக்கே, அப்ப நீங்க யாரு'ன்னு கேட்டிருந்தாங்களா?

— நீ என் மெயிலைத் திறந்தியா?

— அண்ணே, என்ன மெயில்? யாரு கேட்டது?

— நீ கொஞ்சம் சும்மா இருடா. சொல்லு, திறந்தியா?

— இல்ல. உங்க மெயிலைத் திறக்க எனக்கு எங்க தெரியும்? நீங்க ஆஸ்பத்திரியில சேர்ந்த மறுநாள் இன்சூரன்ஸ் பேப்பர் கேட்டாங்க. எங்க வச்சிருக்கீங்கன்னு தேட கம்ப்யூட்டரைப் போட்டேன். தம்பி அதை அணைச்சுட்டு வந்திருந்தான். போட்டதும், நீங்க எழுதிட்டு இருந்தது தானா வந்து நின்னுச்சு. ஸ்கிரீன் பூரா ஒரே எழுத்து. ஜே, ஜே, ஜே, ஜே. உங்க கன்னம் கீபோர்டுல அழுத்தின இடம். பக்கம் பக்கமாத் தள்ளிட்டே போனேன். பன்னெண்டு பக்கம்.

— பன்னெண்டா?

— உங்களுக்கும் தெரியாதுல்ல. நான் ஒரு பட்டனை அமுக்கிப் பிடிச்சுட்டு கடிகாரத்தைப் பாத்தேன். ஒரு பக்கம் நிரம்ப ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகுது. அப்ப கால் மணி நேரம் நீங்க அப்படிக் கெடந்திருக்கீங்க. பக்கத்து ரூம்ல நான் துணி மடிச்சிட்டு இருந்தேன். நடுவுல ஒரு தடவை எட்டிக்கூடப் பாத்தேன். ஸ்கிரீன்ல எழுத்து ஓடுது. நீங்க குனிஞ்சு உக்காந்திருக்கீங்க. வேலை செய்யுறாரு, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு கதவைச் சாத்திட்டுப் போயிட்டேன்.

— நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணி. யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க.

— கதவைச் சாத்தினவ நான்தானே தம்பி. அந்தப் பன்னெண்டு பக்கத்துக்கும் நான்தான் பாவின்னு அந்த நாற்காலியிலேயே உக்காந்து அழுதேன். அழுது முடிச்சதும், விழுறதுக்கு முன்னாடி மனுஷன் கடைசியா என்னதான் எழுதிட்டு இருந்தாருன்னு பாக்கலாம்னு முதல் பக்கத்துக்குப் போனேன்.

— போதும். இங்க வேணாம். எந்திரி, வீட்டுக்குப் போய்ப் பேசலாம்.

— எந்த வீட்டுக்குங்க?

— உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன். இவன் முன்னாடி வேணாம்.

— அண்ணே, அவசரப்படாதீங்க. நாற்காலியைப் பிடிச்சுக்குங்க. அண்ணி, என்னதான் எழுதியிருந்தாரு?

— ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பதில் தம்பி. இப்ப 'நீங்க யாரு'ன்னு கேட்டிருக்கிறதும் அவங்கதான். இந்தப் ப்ரோகிராமை உருவாக்கினவரு எங்க நாட்டுக்கே வந்து, இங்கேயே தங்கி வேலை பாக்க முடியுமான்னு கேட்டிருக்காங்க. வீட்டைப் பத்தியும் ஒரு வரி கேட்டிருக்காங்க போல. அதுக்குத்தான் பதில். இங்கிலீஷ்ல இருந்துச்சு. எனக்குப் புரிஞ்ச மாதிரியும் இருந்துச்சு, அப்படி இருக்காதுன்னும் தோணுச்சு. சரியா வாசிச்சுச் சொல்லும்மான்னு மகளைக் கூப்பிட்டேன்.

— அவளையா? ஐயோ, அவளை எதுக்கு?

— வேற யாரு இருக்கா எனக்கு? ரெண்டு தடவை வாசிச்சா. அப்புறம் எழுத்துப் பிசகாம தமிழ்ல சொன்னா: 'நான் தனி ஆள், மனைவி, பிள்ளைன்னு எனக்கு யாரும் இல்ல, நாளைக்கே கிளம்பி வரத் தயார்.'