நாலு விரக்கடை

இல்லீங்க தம்பி, அந்தப் பின்கண்ணாடிய விடுங்க. அது அப்படியே எறங்கி இருக்கட்டும். மொதல்ல ஏசியில கேஸ் இருக்குதான்னு பாருங்க.

பார்த்துட்டீங்களா? நுரையே தெரியலியா? அப்ப கேஸ் நெறைய இருக்குதுங்கறீங்க. பெல்ட்டு? அது ஓசூர்ல ஒருத்தரு புதுசா மாட்டிக் குடுத்தாரு. அவருக்கு முந்தி நாலு ரோட்டு முக்குல ஒருத்தரு கேஸ் ஏத்துனாரு. எந்தக் கடையிலயும் முன்சீட்டுல கைய வெச்சுப் பார்த்தா ஜில்லுன்னுதான் வருது. ரோட்டுல ஏறுனா பின்னாடி ஒரே வெக்கை. சலிச்சுப்போச்சுங்க. பாப்பாரப்பட்டியில மாங்கா மண்டிய ஆளுங்க கையில உட்டுட்டு, இந்த அம்பாசிடர் பின்னாடியே லோல்படறேன்.

நாளைக்குச் சேலம் போவணும்ங்க. மக லூர்துமேரிக்குத் தலப்பிரசவம், பொண்ணு பொறந்திருக்குது. புள்ளைக்குக் காச்ச வந்து இப்பத்தான் வுட்டிருக்கு. அனல்காத்து படாமக் கொண்டுபோங்கன்னு டாக்டரம்மா கண்டிசனாச் சொல்லிட்டாங்க. வெடியக்காலம் கெளம்பலாம்னா, ஆஸ்பத்திரியில மத்தியானத்துலதான் உடுவாங்களாம். தொப்பூர் கணவா மே மாசத்துல எப்படி கொதிக்கும், உங்களுக்குத் தெரியாததா? மாமியா வூட்டுக்கே போறேன்னு சொன்னவள நாந்தான் வுடல. மொதப் புள்ளைக்குத் தாய்வூட்டுக்கு வராம எங்கம்மா போவன்னு கேட்டேன்.

அந்த கம்ப்ரஸரை இன்னொருவாட்டி பாருங்களேன். டிக்குன்னு புடிக்குதா? சரி. அடியில தண்ணி சொட்டுதே, அது? நல்லதுக்குத்தானா. ம்.

கோளாறே இல்லையா?

ஆமாங்க, பின்கண்ணாடி எறங்கித்தான் இருக்குது. நாலு விரக்கடை. அவ்ளோ சந்து இருந்தா குளுரு எங்க நிக்கும்ங்கறீங்க, நியாயந்தான். இல்ல இல்ல, கைப்புடியெல்லாம் நல்லாத்தான் சுத்தும். நாந்தான் எறக்கி வெக்கறது.

எங்க வூட்டம்மா சாலம்மாளுக்குக் கண்ணாடிய மூடுனா கொமட்டிக்கிட்டு வந்துரும்ங்க. பெங்களூரு ஆஸ்பத்திரிக்குப் போக வர இதே காருதான். மருந்து ஏத்தி ஏத்தி ஒடம்பெல்லாம் எரியுதுன்னா, அதுக்குத்தான் ஏசியே வெச்சது. ஏசியும் வேணும், வெளிக்காத்தும் வேணும்பா. இப்படியும் ஒரு பொம்பளையான்னு திட்டிக்கிட்டே நாலு விரக்கடை எறக்கி உடுவேன். அதோட தூங்கிருவா.

தை மாசம் போய்ச் சேந்துட்டாங்க. இன்னமும் பின்கதவத் தொறந்து, கண்ணாடிய எறக்கி உட்டுட்டுத்தான் முன்னால வந்து ஒக்கார்றேன். இதனாலதான்னு எனக்கும் தெரியும்ங்க. வேற எதாச்சும் கோளாறா இருந்துறாதான்னுதான் கடை கடையா ஏறி எறங்குனேன்.

நாளைக்கு அந்த எடத்துல லூர்துமேரி புள்ளையோட ஒக்காரணும்.

அந்தக் கண்ணாடிய நீங்களே ஏத்திருங்க தம்பி. நல்லா இறுக்கமா ஏத்திருங்க. நான் போய் டீ சொல்லிட்டு வர்றேன், உங்களுக்குச் சக்கரை போடலாமுங்களா?