சிங்கப்பூருக்கு அனுப்பவிருந்த எட்டுப் படங்கள்

காரோடு கிராமத்தில் குடியிருக்கும், காலஞ்சென்ற எலியாவின் மனைவி ரத்னபாய், வயது 66, 1954 ஆகஸ்ட் 26ஆம் தேதி பிற்பகல் காவல் நிலையத்துக்குத் தானே வந்து, சப்-இன்ஸ்பெக்டர் முன்பாகச் சொன்னது:

நான் திருவனந்தபுரத்தில் கான்வென்ட்டில் படித்தவள். தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றும் எழுதுவேன். இங்கே பிடித்து வைத்திருக்கும் செல்லசாமி பாறசாலையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். பன்னிரண்டு வருடப் பழக்கம். தெற்குத் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்கும் எல்லைப் போராட்டக் கூட்டங்களுக்கு அவர் போனதுண்டா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாததைச் சொல்ல மாட்டேன்.

என் மகள் ஜெயபாய் சிங்கப்பூரில் நர்ஸ். உங்கள் ஊரில் தென்னை மரம் அல்லாமல் பார்க்க என்ன உண்டு என்று அவளுடைய மாமியார் கேட்டதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தாள். அதன்பிறகு நான் தனியாகத் திருவனந்தபுரம் போய், எந்தக் கட்டடத்தின் முகப்பில் எந்த நேரம் வெயில் விழுகிறது என்று குடை பிடித்து நின்று பார்த்து, எட்டு இடங்களைத் தேர்ந்து ஒரு தாளில் எழுதினேன். மியூசியம், ஏழரை மணி. பாளையம் தேவாலயம், ஒன்பது. செக்ரட்டேரியட், பதினொன்று, எதிர் நடைபாதையில் நிற்க, காவலாள் உள்ளே போனபின் எடுக்க. கடைசியாகச் சங்குமுகம் கடற்கரை, நாலரை. எதை எழுதினாலும் தலைப்பு வைப்பது என் வழக்கம். அந்தத் தாளில் இடம் போதாமல் தலைப்பை விட்டுவிட்டேன். அது என் தவறு.

24ஆம் தேதி செல்லசாமியும் நானும் போய் எட்டுப் படமும் எடுத்தோம். திரும்பும்போது நான் நெய்யாற்றின்கரையில் தங்கை வீட்டில் இறங்கிவிட்டேன். அதன்பிறகு போலீசார் பஸ்ஸைச் சோதித்து, அவர் சட்டைப்பையில் என் தாளைக் கண்டு கேமராவோடு அவரைப் பிடித்தார்கள். இன்று காலை அவர் மனைவி ஷியாமளா அழுதுகொண்டு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் இங்கு வந்தபோது சப்-இன்ஸ்பெக்டர் தாளைக் காட்டி, "காவலாள் போனபின் என்னத்தை எடுக்க? ஆள் தலையையா?" என்று கேட்டார். எழுத்து என்னுடையது, எடுக்கச் சொன்னது போட்டோ என்றேன். அவர் நம்பவில்லை. ஏட்டு கருணாகரன் கேமராவிலிருந்து சுருளை எடுத்துப் பிரிக்கப் போனார். நான் எழுந்து, "சாரே, வெளிச்சத்தில பிரிச்சா உமக்குச் சாட்சியும் இல்லை, எனக்குப் படமும் இல்லை" என்று தடுத்தேன்.

அதன்பிறகு எங்களைச் செல்லசாமியின் ஸ்டூடியோவுக்கே கொண்டுபோனார்கள். இருட்டறைக் கதவை அடைத்தால் ஆள் ஓடிவிடுவான் என்று ஏட்டு அவர் வேட்டியின் கோந்தலை நுனியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். உள்ளே ஏதோ உருண்டு விழுந்தது. "எலே, எங்கலே இருக்கே?" என்று ஏட்டு கத்தினார். "வேட்டியை விடும் ஏட்டே, கழுவணும்" என்று செல்லசாமி சொன்னதும் கேட்டது. இருபது நிமிடம் நான் கதவுக்கு வெளியே நின்றேன். ஒரு படம் கெட்டாலும் அவருக்கு விடுதலை இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஈரம் சொட்டும் சுருளைச் சப்-இன்ஸ்பெக்டர் சன்னலில் பிடித்துப் பார்த்தார். எட்டும் தெளிவாக இருந்தன. எட்டிலும் நடுவில் நான் நேராக நிற்கிறேன். "கறுத்த சேலை உடுத்தது ஆரு?" என்றார். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகத் தெரியும் என்றேன். "அம்மச்சிக்கு நரையெல்லாம் போச்சு, கேட்டியளா" என்றார் செல்லசாமி. இரண்டு நாள் லாக்கப்பில் இருந்த மனிதர். நான் அவரைக் கண்டிக்கவில்லை.

செக்ரட்டேரியட் படத்தில் காவலாளும் இருந்தார். நான் போகச் சொல்லியும் போகாமல், என் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி மீசையைத் தடவிக்கொண்டு நிற்கிறார். அதைப் பார்த்ததும் சப்-இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "ரகசிய வேலைக்குப் போறவன் காவலாளையும் சேர்த்து படம் பிடிப்பானா, ஏட்டே?" என்றார்.

அதன்பிறகு நிலையத்துக்குத் திரும்பி இந்த வாக்குமூலம் எழுதத் தொடங்கினார்கள். படித்துக் காட்டியதில் இரண்டு பிழைகளைத் திருத்தினேன். முதலில் கையெழுத்து, பிறகு விடுதலை என்றார் ஏட்டு. முதலில் விடுதலை என்றேன். செல்லசாமி கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து போவதையும், எதிர்ப்பக்கத்தில் ஷியாமளா அவர் கையைப் பிடித்துக்கொண்டதையும் சன்னல் வழியாகப் பார்த்த பிறகு, இதில் கண்டது எல்லாம் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) எ. ரத்னபாய்